வலைக்கண்ணும் வெள்ளை விரிப்பும்

நம் பள்ளிச் சித்திர வகுப்பில் கடற்கரைக் காட்சி கீறச் சொன்னால், பாதிப்பேர் வலைக்குச் சதுரக் கட்டம் போட்டுவைப்போம். சித்திர வாத்தியார் விடமாட்டார். தொங்கும் வலையின் கண் சாய்சதுரம். பாரம் இழுக்கும் இடத்தில் ஒடுங்கி நீளும், தளர்ந்த இடத்தில் அகலும். தொழிலைப் பிழையாய்க் கீறிவிட்டு அதில் ஆழ்ந்த பொருள் தேடாதேயுங்கோ என்பார்.

அப்படிப் பார்க்கவேண்டிய படம், அமெரிக்கரான வின்ஸ்லோ ஹோமர் 1882இல் நீர்வர்ணத்தில் தீட்டிய 'வலை பொத்துவோர்'. வடகிழக்கு இங்கிலாந்தின் கலர்கோட்ஸ் மீனவக் கிராமத்தில் அவர் தங்கியிருந்த காலத்து ஓவியம். பெண்கள் இருவர் வாங்கில் அமர்ந்து கைவேலையில் இருக்கிறார்கள். புயலுமில்லை, கண்ணீருமில்லை.

பொத்தும் வேலை லேசானதல்ல. கிழிசலை அப்படியே கட்டமுடியாது. பிய்ந்த நுனிகளை வெட்டி ஓட்டையைச் சீராக்கவேண்டும். மூன்று இழை எஞ்சிய முடிச்சில் தொடங்கி, அப்படியான இன்னொன்றில் முடிக்கவேண்டும். இடையிலுள்ள முடிச்சுகளில் இரண்டு இழைதான் நிற்கலாம். கணக்குத் தவறினால் கடைசிக் கண் பொருந்தாது. கண் சிறுத்துப்போனால் பாரமெல்லாம் அந்த இடத்திலேயே ஏறி, பக்கத்து இழை அறும். நாளைக்கும் வள்ளம் போகும் என்று நம்புகிறவள்தான் இப்படிக் குந்தியிருந்து பொத்துவாள். ஹோமரின் படம் பேசுவது அந்த நம்பிக்கையைத்தான் என்பது என் எண்ணம்.

ஆங்கில ஓவியர் ஃபிராங்க் பிராம்லி 1888இல் வரைந்த 'நம்பிக்கையற்ற விடியல்' இதற்கு எதிர்த்திசை. தென்மேற்கு இங்கிலாந்தின் கோர்ன்வாலிலுள்ள நியூலின் கிராமத்து மீனவ வீடு. விடிந்தும் ஆள் திரும்பவில்லை; இளம்பெண் மூத்தவளின் மடியில் விழுந்துகிடக்கிறாள். யன்னலுக்கு வெளியே கொந்தளிக்கும் கடல், உள்ளே எரிந்து ஓயும் மெழுகுதிரி. வரப்போகிறவனுக்காக விரித்த வெள்ளைத் துணியும் பாணும் அந்தச் சாப்பாட்டு மேசையைப் பலிபீடமாகவே ஆக்கிவிடுகின்றன. பேதுருவுக்குக் கிறிஸ்து திறவுகோல் கொடுக்கும், இத்தாலிய ஓவியர் ரஃபேலின் காட்சியும் சுவரில் தொங்குகிறது. பேதுருவும் மீனவர்தான், ஆனாலும் அது கொஞ்சம் கூடிப்போன விளக்கம். மேசையே போதும்.

பிராம்லியைப்போல் நியூலினில் இருந்து வரைந்த ஓவியர் பலர் பிரெஞ்சு ஓவியர் பஸ்தியன்-லெபாஜின் வழியில் தட்டையான சதுரத் தூரிகை பிடித்தவர்கள். ஒரு தீற்றலை வைத்தால் அதைத் தேய்க்காமல் பக்கத்தில் அடுத்த சாயலை வைப்பார்கள். தேய்த்துக் கலந்தால் விடியலின் குளிர்நீலமும் திரியின் மஞ்சளும் சேர்ந்து சேறாகிவிடும். பிராம்லியின் படம் லண்டன் டேட் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அச்சுப் பிரதியில் தீற்றல்கள் மழுங்கிவிடும்; காட்சிக்கு வைக்கும்போது கொஞ்சம் பக்கவாட்டில் நின்று பாருங்கள், வெள்ளை விரிப்பில் எத்தனை சாம்பல் நிறம் என்று தெரியும்.