முட்டிக்குக் கீழே

டிசம்பர் 4
ஆப்பில் சாப்பாடு டெலிவரி செய்யும் வேலையில் கார் இடித்து, முட்டிக்குக் கீழே எலும்பு முறிந்தது. உள்ளே இரும்பு ராடு வைத்தாயிற்று. காலை ஊன்றவே கூடாதாம். எத்தனை மாதம் என்றால், எக்ஸ்ரே பார்த்துத்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர்.

டிசம்பர் 5
முதல் 48 மணி நேரச் செலவை அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். தாலிக்கொடி தப்பித்தது.

டிசம்பர் 9
வீட்டுக்கு வந்தாச்சு. மாடிப்படியில் மச்சானும் பக்கத்து வீட்டுப் பையனும் தூக்கி வந்தார்கள். காலைத் தொங்கவிட்டால் பாதம் கருநீலமாகிறது, விரல் அமுக்கிய இடம் குழியாகவே நிற்கிறது. இரண்டு தலையணை மேல் வைத்தால்தான் வீக்கம் வடிகிறது.

டிசம்பர் 12
மழை. ஆப்பில் போனஸ் மெசேஜ் வந்தபடி இருக்கிறது.

டிசம்பர் 15
தூக்கமில்லை. ஆப் கம்பெனியில் இழப்பீடு கேட்டால், விபத்து நடந்தபோது ஆர்டர் கையில் இருந்ததா என்று கேட்கிறார்கள். இல்லை. மேடவாக்கத்தில் சாப்பாட்டைக் கொடுத்து முடித்துவிட்டு வேளச்சேரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கரணை பக்கம் கார் இடித்தது. மேடவாக்கத்திலேயே நின்றால் அடுத்த ஆர்டர் யார் தருவார்கள்? வேளச்சேரியில்தான் ஆர்டர் அதிகம் என்று மேப்பில் காட்டியதும் அவர்கள் ஆப்தான். ஆன்லைனில்தான் இருந்தேன். திரும்பி வருவது வேலை இல்லையென்றால் வேறு என்ன? என் பெட்ரோல், என் வண்டி, இப்போது என் கால்.

தம்பி ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை. அவனுக்கு இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீடு, உண்டு. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டாலும் அது வேலையில் பட்ட அடிதான் என்று 2010-லேயே சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆப் கம்பெனிக்கு நாங்கள் 'பார்ட்னர்' ஆயிற்றே, தொழிலாளி இல்லையே. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில், 'கிக் தொழிலாளர்' (வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்பவர்) என்று எங்களையும் எழுதியிருக்கிறார்கள். கம்பெனிகள் வருட வருமானத்தில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் எங்களுக்கான நிதிக்குக் கட்ட வேண்டுமாம். சந்தோஷம். இந்த மாத வாடகைக்கு அது உதவாது.

டிசம்பர் 16
மனைவி இன்னொரு வீட்டில் சமையல் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். நான் ஒன்றும் பேசவில்லை.

டிசம்பர் 23
தையல் பிரித்தார்கள். கெண்டைச் சதை பாதியாகிவிட்டது. தொட்டால் என் கால் மாதிரியே இல்லை.

டிசம்பர் 24
திரும்பி வரும் வழியும் வேலைதான்.

டிசம்பர் 30
எங்களுக்கான அரசு நல வாரியத்தில் பதிந்த அட்டையின் நகலை எடுத்துவரச் சொன்னார் சங்கத்து அண்ணன். எங்கள் ஏரியாவிலேயே இன்னொருவருக்கும் இந்த மழையில் கணுக்கால் போயிருக்கிறதாம். அவர் கையில் ஆர்டர் இருந்ததால் கம்பெனியில் உடனே ஏற்றுக்கொண்டார்கள். அவருக்குக் கிடைக்கட்டும். அதே ரோடு, அதே வேலை.

ஜனவரி 6
கம்பெனியிலிருந்து போன் வந்தது. திரும்பவும் ஆர்டர் நம்பர் கேட்டார்கள். நம்பர் இல்லை, ஆன்லைனில் இருந்த ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது என்றேன். அனுப்பச் சொன்னார்கள். அனுப்பியிருக்கிறேன். நாளை பிசியோ.