49-லிருந்து 88: சின்ன வண்டிக்குப் பெரிய போர்

பெண் வளர்ந்துவிட்டாள், வண்டி வளரவில்லை. அதுதான் ஆரம்பம். அவள் சின்னவளாக இருந்தபோது வாங்கிய ஹோண்டா சிஆர்எஃப் 50, குழந்தைகளுக்கான மோட்டார்சைக்கிள், இருக்கை உயரம் 55 சென்டிமீட்டர்தான், மூன்று கியர், கிளட்ச் லீவரே கிடையாது. இப்போது அதில் உட்கார்ந்தால் அவள் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கிறது. விற்றுவிடலாம் என்றேன். "வேண்டாம்ப்பா, எஞ்சினை மட்டும் பெரிசு பண்ணுங்க" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று இரவு தூக்கம் போயிற்று.

சிலிண்டர் படுத்தபடி இருக்கும் இந்த எஞ்சினுக்கு ஒரு பரம்பரை உண்டு. 1958-ல் வந்த ஹோண்டா சூப்பர் கப் வண்டியின் வம்சம் இது. இடையில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் சிலிண்டரின் தலையான ஹெட்டுக்கு ஏறியது, மற்றபடி உருவம் அப்படியே. அதனால் இதற்குக் கிடைக்காத உதிரிபாகமே இல்லை. சிலிண்டரின் உள்விட்டம், அதாவது போர், 39 மி.மீ. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 41.4. கணக்குப் போட்டால் 49 சிசியும் கொஞ்சமும் வரும். ஸ்ட்ரோக்கைத் தொடாமல் போரை மட்டும் 52 ஆக்கினால் 87.9. இதைத்தான் 88 சிசி கிட் என்று விற்கிறார்கள். புதிய சிலிண்டர் பிளாக், பிஸ்டன், ரிங்குகள், பிஸ்டனைக் கோர்க்கும் பின், கேஸ்கெட்டுகள், அவ்வளவுதான் பெட்டியில். எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸின் வாயைக் குடையாமல் உள்ளே போகக்கூடிய அளவு இது. இன்னும் பெரிய போருக்கு ஆசைப்பட்டால் கேஸைப் பிரித்து லேத்தில் ஏற்ற வேண்டிவரும். அந்த ஆசை எனக்கு இல்லை.

பெட்டி வருவதற்கு முன்பே ஒரு சந்தேகம் குடைந்துகொண்டிருந்தது. பழைய எஞ்சினில் அழுத்த விகிதம் 10-க்கு 1. அப்படியென்றால் பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 5.5 சிசி. அதே ஹெட், அதே இடம், கீழே மட்டும் 88 சிசி என்றால் விகிதம் 17-க்குப் போய்விடும். பெட்ரோல் எஞ்சினில் 17 என்றால் தட்டல் சத்தம் போட்டே பிஸ்டனைத் தின்றுவிடும். பெட்டி வந்ததும் முதலில் பிஸ்டனைத்தான் கையில் எடுத்தேன். நல்லவேளை, தலைப்பகுதி தட்டையாக இல்லை, கிண்ணம்போலக் குழிந்திருந்தது. அந்தக் குழிவும், 52 மி.மீ. கேஸ்கெட்டின் கனமும் சேர்ந்து இடத்தைக் கூட்டிவிடும். எவ்வளவு கூட்டும் என்பதை அளந்துதான் பார்க்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

எஞ்சின் ஃபிரேமில் இரண்டே நீள போல்ட்டில்தான் தொங்குகிறது. கழற்றி மேஜைக்குக் கொண்டுவர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இடது பக்கம் வட்ட மூடியைத் திறந்தால் கேம் ஸ்பிராக்கெட். கிராங்க் முனையில் சுழலும் மேக்னட்டில் இருக்கும் "டி" கோடு கேஸில் உள்ள குறிக்கு நேராக வந்து, ஸ்பிராக்கெட்டில் உள்ள வட்டக் குறி ஹெட்டின் வெட்டுக்கு நேராக வந்தால் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது. அந்த நிலையில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டேன். அப்புறம் ஸ்பிராக்கெட், நான்கு நட்டு, ஹெட், செயின் கைடு உருளையின் போல்ட், பிளாக், எல்லாம் வரிசையாக வெளியே. பழைய பிஸ்டனின் பின்னைப் பிடித்திருக்கும் சர்க்கிளிப்பை நெம்பும்முன் கிராங்க்கேஸ் வாயில் துணியை அடைத்துவிட்டேன். அடைத்தது வீண்போகவில்லை. கிளிப் விருட்டென்று எகிறி அந்தத் துணியின் மடிப்பில்தான் விழுந்தது. பிஸ்டன் பின் 13 மி.மீ., புதிய பிஸ்டனுக்கும் அதே 13. இதே குடும்பத்து எஞ்சின்களில் 14 மி.மீ. பின் உள்ளவையும் உண்டு, வாங்கும்போது பார்க்க வேண்டும்.

இனி அவசரப்படாத பகுதி. ரிங் இடைவெளி. மேல் ரிங்கை மட்டும் வெறும் பிளாக்குக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து ஒன்றரை சென்டிமீட்டர் நேராகத் தள்ளினேன். ரிங் சாயாமல் உட்கார இதுதான் வழி. இரண்டு முனைகளுக்கும் நடுவே, மெல்லிய தகடுகளால் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை விட்டேன். 0.20 மி.மீ. தகடு போகவில்லை. 0.15 போகவில்லை. 0.12 உரசிக்கொண்டு போயிற்று. ஒரு அங்குலப் போருக்கு ஆயிரத்தில் நான்கு அங்குலம் என்ற பழைய கணக்கில் 52 மி.மீ.க்கு 0.20-ஆவது வேண்டும். எஞ்சின் சூடேறும்போது ரிங் நீளும். முனைகள் இரண்டும் முட்டிக்கொண்டால் நீள வேறு இடமில்லை, சிலிண்டர் சுவரை அழுத்திக் கீறிவிடும், இல்லாவிட்டால் உடையும். பெட்டியில் வந்ததை அப்படியே மாட்டியிருந்தால் முதல் அரை மணி நேரத்திலேயே கதை முடிந்திருக்கும்.

மெல்லிய அரத்தை வைஸில் நிறுத்தி, ரிங் முனையை வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாக மட்டும் இழுத்தேன். எதிர்த்திசையில் இழுத்தால் வெளிமுகப் பூச்சு உதிரும். நான்கு இழுப்பு, ஒரு அளவு, மறுபடி நான்கு இழுப்பு. பொறுமை இல்லாதவர்கள் செய்யக்கூடாத வேலை. நானும் அவர்களில் ஒருவன்தான், ஆனால் ஒரே ஒரு ரிங் செட் தான் கையில் இருந்தது. 0.22-ல் நிறுத்தினேன். இரண்டாவது ரிங் சரியாகவே இருந்தது.

பிஸ்டனில் "ஐஎன்" என்று பொறித்திருக்கும் பக்கம் இன்டேக் பக்கம், அதாவது இந்த எஞ்சினில் மேல்பக்கம். ரிங் வாய்கள் ஒரே நேர்க்கோட்டில் வராமல் ஆளுக்கொரு திசை. எண்ணெய் தடவி, விரலால் ரிங்கை ஒடுக்கிக்கொண்டே பிளாக்கை ஏற்றினேன். ஹெட்டை மாட்டி, எஞ்சினைப் பிளக் துளை உச்சியில் வருமாறு சாய்த்து முட்டுக் கொடுத்து, ஊசிக்குழலால் மெல்லிய எண்ணெயை விட்டு அளந்தேன். பிளக் மரைக்குள் நிற்கும் எண்ணெயைக் கழித்தால் 9.4 சிசி. விகிதம் 10.4-க்குப் பக்கம். நிம்மதி. இந்த ஒரு எண்ணுக்காக ஒரு முழு மாலை போயிற்று, ஆனால் அதற்கப்புறம்தான் கிக்கரை மிதிக்கத் துணிவு வந்தது.

துணிவு வந்தது என்றேனா, உடனே மிதிக்கவில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு, மேக்னட் நட்டில் ஸ்பேனரைப் போட்டு, ஓடும் திசையில் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றினேன். எதுவும் முட்டவில்லை. "டி" கோட்டில் நிறுத்திப் பார்த்தால் கேம் குறி வெட்டுக்கு நேராக இல்லை, ஒரு பல் தள்ளி நிற்கிறது. செயினை ஏற்றும்போது, அதை இறுக்கும் டென்ஷனரின் அழுத்தத்தில் கிராங்க் துளி நகர்ந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. ஒரு பல் தப்பினாலும் வண்டி கிளம்பியிருக்கும், மந்தமாக ஓடியிருக்கும், நான் கார்புரேட்டரைக் குறை சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். ஸ்பிராக்கெட்டைக் கழற்றி மறுபடி மாட்டி, மறுபடி இரண்டு சுற்று. இந்தமுறை நேர். வால்வு இடைவெளி இரண்டுக்கும் 0.05.

ஐந்தாவது மிதியில் கிளம்பியது. சத்தமே வேறு. பழைய எஞ்சின் தையல் மிஷின்போல ஓடும். இது தொண்டை கட்டிய ஆள் பேசுவது மாதிரி. பெண் வாசலுக்கு ஓடி வந்துவிட்டாள். இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, முழுக்க ஆறவிட்டு, மறுபடி. மூன்றாவது முறை சூடானபோது ஹெட்டின் விளிம்பில் பளபளவென்று எண்ணெய்க் கசிவு. கேஸ்கெட் போயிற்று என்று நினைத்தேன். இல்லை. ஹெட்டைப் பிடிக்கும் நான்கு ஸ்டட்டில் ஒன்றின் துளை வழியாகத்தான் ஹெட்டுக்கு எண்ணெய் ஏறுகிறது, அதற்கு மட்டும் செப்பு வாஷர். அதை நான் பக்கத்து ஸ்டட்டில் போட்டிருந்தேன். விரல் நகம் அளவு வாஷர். சுத்தம் செய்யும்போது நான்கையும் ஒரே கிண்ணத்தில் போட்டது என் தப்பு.

கசிவு நின்றதும் வண்டியைத் தரையில் இறக்கினோம். எங்கள் சோதனைச்சாலை ஒரு மண் மேடு. பழைய எஞ்சினில் மூன்றாவது கியரில் அதில் ஏறவே முடியாது, பாதியில் இரண்டுக்கு இறங்கியாக வேண்டும். இப்போது குறைந்த வேகத்தில் இழுவை பிரமாதம். ஆனால் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகினால் ஒன்றும் நடப்பதில்லை, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற மாதிரி. காரணம் தெரிந்ததுதான். 49 சிசிக்கு அளவெடுத்த 13 மி.மீ. கார்புரேட்டர் வழியாக 78 சதவீதம் அதிகக் காற்று போக வேண்டும் என்றால் எப்படி?

20 மி.மீ. கார்புரேட்டரும் அதற்குரிய மேனிஃபோல்டும் போட்டேன். அப்புறம் இரண்டு வாரம், பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை மாற்றுவதே வேலை. 75 மெயின் ஜெட்டில் மேட்டின் நடுவில் தயங்கியது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மூடினால் நன்றாக இழுத்தது. பெட்ரோல் போதவில்லை என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. பிளக்கும் எலும்புபோல வெளுத்திருந்தது. சரி, ஒரேயடியாக 90. இப்போது முழுத் திருகலில் பொத்துப் பொத்தென்று குழறல், பிளக்கில் கரி. 85-ல் நின்றோம். பிளக் காப்பி நிறம். சூட்டைச் சீக்கிரம் கடத்தட்டும் என்று என்ஜிகே பிளக்கில் 6-ஐ விட்டு 7-க்குப் போனேன். அவர்கள் கணக்கில் எண் ஏற ஏறப் பிளக் குளிர்ச்சி.

அன்று மேடு முழுவதும் மூன்றாவது கியரில். ஏறி இறங்கி வந்தவள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே "இன்னொரு தடவை" என்றாள். நான்காவது ஐந்தாவது தடவையில் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. தானியங்கி கிளட்ச் வழுக்குகிறது. கார்புரேட்டரைத் திறந்துவிட்டேன், அந்தப் பலம் போய் கிளட்சில் மோதியது. 49 சிசிக்கென்று செய்த ஸ்பிரிங்கிடம் 88-ஐப் பிடித்துக்கொள் என்று சொன்னது நான்தான்.

எண்ணெயை வடித்து, கிக்கர் காலைக் கழற்றி, வலது மூடியைத் திறந்தேன். கிளட்ச் நடுவில் நான்கு வெட்டு உள்ள வட்ட நட்டு, மடித்துவிட்ட நாக்கு வாஷரோடு. உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டிக் கழற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நட்டின் வெட்டுகள் அப்புறம் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். அதற்குரிய சாக்கெட் வரும்வரை வண்டி ஒரு வாரம் வாய் பிளந்து நின்றது. கிளட்சின் முகப்பு மூடிதான் இந்த எஞ்சினில் எண்ணெய் வடிகட்டியும். சுழலும் வேகத்தில் அழுக்கு ஓரத்தில் ஒதுங்கிவிடும். விரலை விட்டு வழித்தால் கறுப்புக் களிம்பு, வெளிச்சத்தில் பார்த்தால் பொடிப்பொடியாக மினுக்கம். புது ரிங் சிலிண்டரில் உட்காரும்போது இவ்வளவு வருவது சகஜம்தான், இருந்தாலும் பார்க்கும்போது வயிற்றைப் பிசைந்தது. மூடியைத் துடைத்து, கீழே உள்ள வலையையும் உருவிக் கழுவி, கெட்டியான ஸ்பிரிங்கும் புது பிளேட்டுகளும் போட்டு மூடினேன். மறுபடி சாதாரண மினரல் எண்ணெய்.

முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டினேன். இந்தப் பலத்துக்குப் பழைய பல் எண்ணிக்கையில் கியர்கள் சட்சட்டென்று தீர்ந்துபோகின்றன. உச்ச வேகத்தில் இன்னும் மூச்சு முட்டுகிறது. ஹெட்டில் இருப்பது அதே சின்ன வால்வுகள், சைலன்சர் குழாயும் அதே ஒல்லிக் குழாய். அதைத் தொடப்போவதில்லை. தொட்டால் எண்ணெய்ப் பம்பைப் பற்றி யோசிக்க வேண்டிவரும்.

போன சனிக்கிழமை அவள் பத்துத் தடவை ஏறி இறங்கினாள். கிளட்ச் பிடித்தது, கசிவு இல்லை. கடைசித் தடவை இறங்கி வந்தவள் நான் நின்ற இடத்தைத் தாண்டிப் போய்ப் புதரோரம்தான் நின்றாள். முன் பிரேக் லீவரை அழுத்திக் காட்டினாள். கைப்பிடிவரை வந்துவிடுகிறது.

"அப்பா, இதுவும் 49 சிசி பிரேக்தானே?"

முன் டிரம்மை இன்னும் பிரிக்கவில்லை. ஷூ தேய்ந்திருக்கிறதா, கேபிள் நீண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை மேட்டுக்கு அனுமதி இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.