டிரேலர் இடித்த பிறகு: ஒரு நம்பருக்காக நாங்கள் பட்ட பாடு

மலேசியாவில் லோரி விபத்தில் சிக்கிய குடும்பத்துக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பின்பக்க நம்பரை மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள். டிரேலர் என்றால் சட்டப்படி இரண்டு வண்டி. முன்னால் இழுக்கும் ஹெட்டுக்கு ஒரு பதிவு எண், பின்னால் இருக்கும் டிரேலருக்கு வேறொரு பதிவு எண். டி என்ற எழுத்தும் சாய்கோடும் போட்டுத் தொடங்குவது டிரேலருடைய எண். இரண்டும் வேறு வேறு கம்பெனி பெயரில் இருக்கலாம், இன்சூரன்ஸும் தனித்தனி. இது தெரியாமல் பட்ட அலைச்சலில் எங்களுக்கு முதல் சில வாரங்கள் வீணாகப் போயின.

என் வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு வந்து பல வருடமாகிவிட்டது. பட்டணத்தில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு, விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்குப் போவார். செம்பனை எண்ணெய் மில் முச்சந்தியில் எண்ணெய் ஏற்றிய டேங்கர் டிரேலர் ஒன்று நிற்காமல் பெரிய ரோட்டில் திரும்பி அவரை இடித்துவிட்டது. வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது. டிரைவர் சற்றுத் தள்ளி நிறுத்தி, இறங்கிப் பார்த்துவிட்டு, ஆள் கூடுவதற்குள் கிளம்பிவிட்டான். பின்னால் வந்த தோட்டத்துப் பையன் ஒருவன் கைப்பேசியில் படம் எடுத்தான். அந்தப் படத்தில் இருந்தது டிரேலருடைய பின்பக்கம் மட்டும்தான்.

போலீஸ் ரிப்போர்ட் செய்யப் போனது என் கொழுந்தனார். சாலைப் போக்குவரத்துச் சட்டம் 24 மணி நேரத்துக்குள் ரிப்போர்ட் செய்யச் சொல்கிறது, அடிபட்டவரோ ஆபரேஷன் தியேட்டரில். விபத்தைக் கண்ணால் பார்க்காதவர் சொல்லி எழுதிய ரிப்போர்ட் அது. 'வீட்டிலிருந்து மோட்டாரில் போகும்போது ஒரு லோரியுடன் மோதல்' என்று இருந்தது. வேலைக்குப் போனார் என்று இல்லை, யார் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள் என்றும் இல்லை. பிற்பாடு சொக்சோவிலும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இன்சூரன்ஸிலும் எங்களைப் பிடித்து உலுக்கியது இந்த இரண்டு வரிதான். அதனால் சொல்கிறேன்: வீட்டு ஆள் முதலில் ஒரு ரிப்போர்ட் செய்திருந்தாலும், அடிபட்டவர் பேசும் நிலைக்கு வந்ததும் தானே சொல்லி இன்னொரு ரிப்போர்ட் செய்யவேண்டும். என் வீட்டுக்காரர் ஊன்றுகோலோடு போய்ச் செய்தார். எங்கிருந்து எங்கே, எத்தனை மணி, எந்தப் பாதை, லோரி எந்தச் சந்திலிருந்து வந்தது என்று எல்லாம் எழுதச் சொல்லி, வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். கவுண்டரில் இருந்தவர் 'ஏற்கெனவே ரிப்போர்ட் இருக்கிறதே' என்று முகம் சுளித்தார். பரவாயில்லை என்று நின்றோம்.

இதற்கிடையே ஐஓ (போலீஸ் விசாரணை அதிகாரி) சொன்ன பதில் ஒன்றுதான்: டிரேலர் கம்பெனியைக் கேட்டாயிற்று, அவர்கள் அதை வாடகைக்கு விட்டிருக்கிறார்களாம், அன்றைக்கு எந்த ஹெட் இழுத்தது என்று தெரியாதாம். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அப்போதுதான் வீட்டுக்காரர் படுத்துக்கொண்டே சொன்னார்: 'மில்லிலிருந்து வெளியே வந்த வண்டி எடை போடாமல் வந்திருக்குமா?'

மில்லுக்குள் வரும் லோரியும் வெளியே போகும் லோரியும் எடைமேடையில் ஏறித்தான் ஆகவேண்டும். அங்கே கொடுக்கும் சீட்டில் வண்டி நம்பர், வந்த நேரம், போன நேரம், டிரைவர் பெயர் எல்லாம் இருக்கும். நான் போய் எடைமேடைக் கிராணியைக் கேட்டேன். 'அக்கா, என் கையால் கொடுத்தால் என் வேலை போய்விடும். ஐஓவை எழுதிக் கேட்கச் சொல்லுங்கள், மேனேஜர் கொடுத்துவிடுவார்' என்றார். நல்ல மனிதர், எத்தனை மணி வாக்கில் தேடவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். ஐஓவிடம் தேதி, நேரம், மில் பெயர் எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நம்பர் வந்துவிட்டது! அந்த நம்பரைப் போட்டுப் பார்த்தால், அந்த டிரைவர் வேறொரு நிலையத்தில் அன்றைக்கே ரிப்போர்ட் செய்து வைத்திருக்கிறான், மோட்டார்தான் வந்து தன் வண்டியின் பக்கவாட்டில் மோதியது என்று. இரண்டு ரிப்போர்ட்டும் ஒன்றையொன்று பார்க்காமல் கிடந்திருக்கின்றன.

உங்கள் வீட்டில் இப்படி நடந்தால், வண்டி நின்ற இடத்திலேயே ஹெட்டின் கதவைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். கம்பெனி பெயரும், பிடிஎம் என்று தொடங்கும் எடை விவரமும் வழக்கமாக அங்கே எழுதியிருக்கும். பக்கத்தில் பெட்ரோல் நிலையமோ கடையோ இருந்தால் கேமராப் பதிவை எடுத்து வைக்கும்படி ஐஓவிடம் உடனே சொல்லுங்கள். பழைய பதிவு தானாக அழிந்துவிடும். விசாரணை முடிந்ததும் காசு கட்டி வாங்கவேண்டியவை விசாரணை முடிவு, விபத்து இடத்தின் வரைபடம், படங்கள். வரைபடத்தோடு அதிலுள்ள குறிகளுக்கு விளக்கமும் சேர்த்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் வரைபடம் வெறும் கோடுதான். எங்கள் வரைபடத்தில் கண்ணாடித் துண்டு கிடந்த இடம் எங்கள் பாதையில் இருந்தது. முடிவில் போலீஸ் அபராதச் சம்மன் லோரி டிரைவருக்குப் போனது. போலீஸ் முடிவு உங்களுக்கு எதிராக வந்தாலும் இடிந்து போகவேண்டாம், சிவில் கோர்ட் அதற்குக் கட்டுப்பட்டதில்லை. ஆனால் உங்கள் பெயரில் சம்மன் வந்தால், வக்கீலைக் கேட்காமல் ஓடிப்போய்க் கட்டாதீர்கள்.

வார்டிலேயே வந்து சேரும் ஆட்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிவதற்குள் ஒரு தம்பி வந்துவிட்டான். நம்ம ஆள், நல்ல தமிழ், கையில் பைல். 'அக்கா, ஒரு கையெழுத்துப் போதும். ரிப்போர்ட், டாக்டர், வக்கீல் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். காசு வந்த பிறகு கொடுத்தால் போதும்' என்றான். தாளில் எந்த வக்கீல் நிறுவனத்தின் பெயரும் இல்லை. 'யார் வக்கீல்?' என்று கேட்டேன். 'அது அப்புறம்' என்றான். 'அப்படியானால் கையெழுத்தும் அப்புறம்' என்று அனுப்பிவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர் மகள் இன்றைக்கும் அந்தப் பைல் எந்த ஆபீசில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறாள்.

இப்படி ஆள் பிடித்துக் கொடுப்பதும், ஜெயித்தால் மட்டும் இத்தனை பங்கு என்று வக்கீல் ஒப்பந்தம் போடுவதும் 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டப்படி தடை. மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையதளத்தில் வக்கீல் பெயரைத் தேடிப் பார்க்கலாம். நாங்கள் ஈப்போவில் ஒருவரைப் பிடித்தோம், நேரில் பார்த்து, கட்டணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு. லோரி முதலாளி தரப்பிலிருந்தும் பழக்கூடையோடு வந்தார்கள், ஐநூறு வெள்ளியும் (ரிங்கிட்) 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று அடித்த தாளும் கொண்டுவந்தார்கள். அந்தத் தாளைத் தொடவே கூடாது.

சொக்சோ தனிக் கதை. தோட்ட ஆபீஸ் கிராணி, 'ரோட்டில் நடந்த விபத்துக்குத் தோட்டம் என்ன செய்யும்?' என்று பாரத்தை (படிவத்தை) வாங்கவே மறுத்துவிட்டார். அது தவறு. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் பாதையில் நடக்கும் விபத்தும் சொக்சோவில் சேரும், முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். வழியில் வேறு வேலைக்காக ஒதுங்கினால்தான் சிக்கல். நாங்கள் வீட்டிலிருந்து பெரட்டு வரை பாதையை வரைந்து, விபத்து நடந்த இடத்தைக் குறித்து, வேலை நேரச் சீட்டோடு நேராக சொக்சோ அலுவலகத்துக்கே போய்விட்டோம். அங்கிருந்து தோட்டத்துக்குப் போன் போனதும் பாரம் தானாக நிரம்பி வந்தது. எம்.சி. (மருத்துவ விடுப்பு) நான்கு நாளாவது இருந்தால் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். அந்தக் காசில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. முக்கியமாக, சொக்சோ வாங்கினால் லோரிக்காரன் மேல் வழக்குப் போட முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சட்டம் தடுப்பது சொந்த முதலாளி மேலும் அவருடைய வேலையாட்கள் மேலும் போடும் வழக்கைத்தான்.

என்னை அழவைத்தது மருத்துவ ரிப்போர்ட். ரெக்கார்டு கவுண்டரில் மனைவி என்று சொல்லியும், நோயாளியின் அனுமதிக் கடிதம் இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். எழுதி வாங்கிக்கொண்டு போனேன். காத்திருந்து காத்திருந்து ரிப்போர்ட் வந்தது. பிரித்துப் பார்த்தால் இடது கால் முறிவு என்று இருக்கிறது! கவுண்டரில் இருந்த பெண், 'டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார், நாங்கள் திருத்த முடியாது' என்றார். எக்ஸ்-ரேயில் வலது கால், ஆபரேஷன் தாளில் வலது கால், இவர் காலைத் தூக்கிக் காட்டினாலும் வலது கால். எழுத்தில் புகார் கொடுத்து, எலும்புப் பிரிவின் தலைமை டாக்டரைப் பார்க்கும்வரை அது நகரவில்லை. அந்தப் பிழையோடு அப்படியே வக்கீலிடம் கொடுத்திருந்தால் எதிர்த்தரப்பு சும்மா விட்டிருக்குமா? ரிப்போர்ட்டை வாங்கிய இடத்திலேயே நின்று வாசியுங்கள். காலில் வைத்த பிளேட்டுக்கு நாங்கள் வெளியே காசு கட்டினோம், அந்த ரசீது, டாக்சிக் காசு, கட்டுத்துணி, ஊன்றுகோல் எல்லா ரசீதும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன். எல்லாம் கணக்கில் வந்தது.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். முறிவுக்கும் தழும்புக்கும் வழக்கறிஞர் மன்றம் 2018-இல் திருத்திய நஷ்ட ஈட்டுத் தொகுப்பை வைத்துப் பேசுகிறார்கள். இனிமேல் இழக்கப்போகும் வருமானத்தை எத்தனை வருடத்துக்குக் கணக்கிடுவது என்று சிவில் சட்டம் 1956-இல் கணக்கு இருக்கிறது: 30 வயது வரை 16 வருடம், 31-லிருந்து 59 வரை 60-இல் வயதைக் கழித்துப் பாதி. என் வீட்டுக்காரருக்கு 42, ஆக 9 வருடம். 2019 திருத்தத்துக்கு முன் 60 இருக்கும் இடத்தில் 55 இருந்தது, அதன்படி ஆறரைதான் வந்திருக்கும். வேலைத் தாளில் இல்லாத வருமானத்தை நிரூபிப்பது கஷ்டம். இவர் சாயங்காலம் புல் வெட்டப் போய்ச் சம்பாதித்ததற்குத் துண்டுச் சீட்டுகூட இல்லாததால் அது அப்படியே போனது. பக்கத்தொழில் செய்கிறவர்கள் இன்றைக்கே வங்கிக் கணக்கில் போட ஆரம்பியுங்கள்.

வழக்கு செஷன்ஸ் கோர்ட்டில். வாகன விபத்து வழக்கில் அங்கே தொகைக்கு வரம்பு இல்லை. காயத்துக்கு 6 வருடத்துக்குள் போடவேண்டும். ஆள் இறந்துபோனால் குடும்பத்தார் போடும் வழக்குக்கு 3 வருடம், அரசாங்க வண்டி என்றால் 36 மாதம். லோரிக்கு இன்சூரன்ஸே இல்லாவிட்டாலும் கைவிடாதீர்கள், மோட்டார் இன்சூரன்ஸ் பீரோவிடம் கேட்க வழி இருக்கிறது. ஹெட்டின் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வழக்குப் போடுவதற்கு முன்போ, போட்டு 7 நாளுக்குள்ளோ நோட்டீஸ் போகவேண்டும். அதன் நகலை வக்கீலிடம் கேட்டு வாங்குங்கள். டிரைவர் தன் ஆள் இல்லை, சப் கான்ட்ராக்ட் என்று லோரி முதலாளி வாதாடிப் பார்த்தார். அது எடுபடவில்லை.

விசாரணைக்கு முன்பே இன்சூரன்ஸ் தரப்பு ஒரு தொகை சொன்னது. வக்கீல் ஆபீசில் பிரித்துக் காட்டச் சொன்னேன். பிளேட்டை எடுக்கும் இரண்டாவது ஆபரேஷன் செலவு அதில் இல்லை. எலும்பு டாக்டர் ரிப்போர்ட்டில் அது எழுதியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினேன். வக்கீல் மறுபடி எழுதினார், சேர்த்துக் கொடுத்தார்கள். சொக்சோவில் நிரந்தர ஊனத்துக்கான மருத்துவ வாரியம்தான் பாக்கி. அதற்கும் அந்த எக்ஸ்-ரேக்களையும், திருத்தி வாங்கிய ரிப்போர்ட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன்.