மூன்று மாதம் தாண்டிய குட்டி

செப்டம்பர் 18, 2024, புதன்

விளாத்திகுளம் பக்கம் ஒரு கரிசல் ஊர். புரட்டாசி பிறந்துவிட்டது. காட்டை உழுது போட்டுவிட்டு உளுந்து, பாசி விதைக்க மழையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கே பெண்கள் சங்கம் நடத்தும் ஆடு வளர்ப்புத் திட்டத்தைப் பார்க்கத்தான் வந்தேன்.

சங்கம் ஒரு வீட்டுக்கு இரண்டு பெட்டை ஆடு கொடுக்கிறது. அவை ஈன்றதும் இரண்டு பெட்டைக் குட்டிகளை வளர்த்துத் திருப்பித் தர வேண்டும். அவை அடுத்த வீட்டுக்குப் போகும். ஊருக்கு இது ஒன்றும் புதிதல்ல. வாரத்துக்கு ஆடு வளர்ப்பது பழைய வழக்கம்தான்: ஆடு ஒருவருடையது, பாடு இன்னொருவருடையது, குட்டியில் ஆளுக்குப் பாதி. இப்போது ஆட்டுக்குச் சொந்தக்காரராக வசதியான வீட்டுக்காரர் இல்லை, சங்கம் இருக்கிறது.

பெரும்பாலும் கன்னி இன ஆடுகள். கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு இறங்கினால் பால்கன்னி. கோடு செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. நடுவெயிலிலும் நடக்கும், இரட்டைக் குட்டி போடும். வெளியூர் இனம் எதுவும் வேண்டாம் என்று பெண்களே சொல்லிவிட்டார்களாம். சரியான முடிவு.

சாயங்காலம் ஒரு பாட்டியோடு பேசிக்கொண்டிருந்தேன். 2011இல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு ஆளுக்கு நான்கு ஆடு கொடுக்கத் தொடங்கிய திட்டத்தில் அவருக்கும் கிடைத்தது. "நாலுல ரெண்டு அடுத்த மழைக்கே போயிருச்சு தாயி. மூக்கு ஒழுகுச்சு, வாயெல்லாம் புண்ணு, கழிஞ்சு கழிஞ்சு செத்துச்சு. மிச்ச ரெண்டுலதான் பேத்திய படிக்க வச்சேன்." இரண்டு ஆட்டில் ஒரு பெண் படிக்க முடியுமென்றால் நான்கும் பிழைத்திருந்தால்? இரவு முழுக்க இதே யோசனை.

செப்டம்பர் 19, வியாழன்

ஆறு மணிக்கெல்லாம் கோயில் திடல் நிறைய ஆடு. மேய்ச்சலுக்குப் பத்துவதற்கு முன்பே ஊசி போட்டுவிட வேண்டும். கால்நடை ஆய்வாளர் பைக்கில் ஐஸ் பெட்டியோடு வந்தார். அவருக்குத் துணை, சங்கத்தில் பயிற்சி எடுத்த ஒரு பெண். ஊரே அவரை 'ஊசிக்கார அக்கா' என்றுதான் கூப்பிடுகிறது.

பாட்டி சொன்ன அந்த நோய்க்குத்தான் இந்த ஊசி: ஆட்டுக்கொல்லி. இந்தியாவில் இதை முதன்முதலில் கண்டது 1987இல், நம்முடைய விழுப்புரம் பக்கத்து அரசூரில். அங்கே எடுத்த வைரஸிலிருந்தே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசியை உருவாக்கியது. மூன்று மாதம் தாண்டிய குட்டிக்கு ஒரு மில்லி, தோலுக்கடியில். ஒரு தடவை போட்டால் மூன்று வருஷத்துக்குக் கவலையில்லை. மாட்டு வெக்கை நோயை 2011இல் உலகத்திலிருந்தே ஒழித்தார்கள். அதே போல இதையும் 2030க்குள் ஒழிக்க வேண்டும் என்பது உலக அளவிலான இலக்கு.

பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் சிக்கல் எங்கே என்று புரிந்தது. மருந்து சின்னக் குப்பியில் உலர்ந்த தூளாக இருக்கிறது. கரைக்கிற நீரும் ஐஸிலேயே இருக்க வேண்டும். அக்கா பெட்டியைத் திறந்த கையோடு மூடுகிறார். ஈரத் துணியைச் சுற்றிய குப்பியை உள்ளங்கையில் வைத்துக்கொள்ளாமல் விரல் நுனியில் பிடிக்கிறார், கைச்சூடு ஏறக் கூடாதாம். கரைத்துவிட்டால் இரண்டொரு மணி நேரத்தில் போட்டு முடிக்க வேண்டும். ஒரு குப்பியில் நூறு ஆட்டுக்கான மருந்து. நான்கு ஆடு வைத்திருக்கும் பாட்டி தனியாகப் போய்க் கேட்டால் அவருக்காக ஒரு குப்பியை எப்படி உடைப்பார்கள்? மிச்சம் வீண்தானே. ஊர் ஆடு எல்லாம் ஒரே காலையில் ஓரிடத்தில் நின்றால்தான் ஏழை வீட்டு ஆட்டுக்கு ஊசி. சங்கம் செய்யும் பெரிய வேலை ஆடு கொடுப்பதல்ல, இந்தக் காலையைக் கூட்டுவதுதான் என்று எனக்குப் படுகிறது.

வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டார்கள். மூன்று மாதம் ஆகாத குட்டிகளின் கணக்கை அக்கா நோட்டில் தனியாக எழுதிக்கொண்டார்.

செப்டம்பர் 20, வெள்ளி

இன்று கோழியும் அடுப்பங்கரையும். ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. பள்ளிக்கூடத்தில் சத்துணவோடு முட்டை உண்டு. வயிறு காய்கிற நாட்கள் போய்விட்டன. ஆனால் பெரிய பெண்கள் தட்டில் சோறும் குழம்பும்தான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. அந்தக் கணக்கு இங்கே கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது.

வீட்டு முட்டையை வீட்டிலேயே சாப்பிடுங்கள் என்று கூட்டத்தில் சொன்னார்கள். ஒரு அக்கா எழுந்து, "நாட்டு முட்டைய 15 ரூவாய்க்கு எடுக்காக. அந்தக் காசுக்குக் கடையில ரெண்டு வெள்ளை முட்டை வருது. எது லாபம்?" என்றார். நியாயமான கணக்கு. அந்த இரண்டில் ஒன்று அவர் தட்டுக்கு வருகிறதா என்று கேட்டேன். பதில் இல்லை. அவர் மாமியார்தான், "பிள்ளைகளுக்கே காணாது" என்றார். எத்தனை முட்டை வாங்கினார்கள் என்பதோடு யார் சாப்பிட்டார்கள் என்பதையும் சங்கம் இனி எழுதி வைக்கப் போகிறதாம். ரொம்ப நல்லது.

செப்டம்பர் 21, சனி

எட்டயபுரம் ஆட்டுச் சந்தை. புரட்டாசி முதல் சனி, வாங்குகிறவர்கள் கொஞ்சம் மந்தம். சங்கத்துப் பெண்கள் விலை கேட்டுக்கொண்டார்கள், கிடா எதையும் விற்கவில்லை. தீபாவளி அக்டோபர் 31, அதுவரை வைத்திருப்பார்கள். ஊசி போட்ட ஆடு என்பதால்தான் காத்திருக்கும் தைரியம். முன்பெல்லாம் ஒன்று தும்மினாலே வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்களாம்.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி கிராம சபைக்காகத் திரும்ப வந்தேன். மேய்ச்சல் புறம்போக்கை அளந்து கல் ஊன்ற வேண்டும் என்று பெண்கள் மனு கொடுத்தார்கள். சுற்றிலும் தரிசு நிலம் விலைபோகிறது, கம்பி வேலி விழுகிறது, ஆடு போகிற பாதை குறுகிக்கொண்டே வருகிறது. அப்புறம் தடுப்பூசி வைக்க ஊரிலேயே ஒரு குளிர்பெட்டி. முதல் கோரிக்கைக்குக் கொஞ்சம் சத்தம் எழுந்தது, ஆனாலும் இரண்டும் தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டன.

மழைக்குப் பின் இளம்புல்லை வயிறு முட்டத் தின்கிற ஆட்டுக்குத் துள்ளுமாரி என்ற நோய் வரும், அதற்கான ஊசி மழைக்கு முன்பே போட வேண்டும். ஊசிக்கார அக்கா வரும் வாரத்துக்கு நாள் குறித்துவிட்டார். இந்தத் தடவை பக்கத்து ஊர் ஆடுகளும் அதே திடலுக்கு வரும்.