கொக்கும் தாமரையும் கேள்வித்தாளில் வந்தால்

கலை வரலாறு முதுகலைத் தேர்வில் ஒரு சீன ஓவியத்தைக் கொடுத்துக் குறியீட்டை விளக்கச் சொன்னார்கள். குளத்தில் ஒற்றை வெண்கொக்கு, பக்கத்தில் தாமரை. தாமரையைப் பார்த்ததும் தூய்மை, பௌத்தம் என்று இரண்டு பக்கம் எழுதித் தள்ளினேன். மதிப்பெண் மிகக் குறைவு.

சீன மொழியில் கொக்கும் ‘லூ’, வழியும் ‘லூ’. தாமரையும் ‘லியான்’, தொடர்வதும் ‘லியான்’. இரண்டையும் சேர்த்து வரைந்தால், ‘வழிநெடுகத் தேர்வுகளில் தொடர்ந்து வெல்க’ என்று அரசுத் தேர்வு எழுதுபவரை வாழ்த்துவதாகப் பொருள். சிலேடையை ரசித்து வளர்ந்த நமக்கு இது எவ்வளவு நெருக்கமானது! இது தெரிந்தபின் குறிப்பேட்டைப் புதிதாகத் தொடங்கினேன். பூ தனி, பறவை தனி என்று மனப்பாடம் செய்யாதீர்கள். இணைகளாகவும், சீன ஒலியோடும் எழுதி வையுங்கள். சேவலோடு சேவற்கொண்டைப் பூ வந்தால் பதவி உயர்வு. அங்கே கொண்டையும் அதிகாரியின் தலைப்பாகையும் ஒரே சொல்.

ஆனால் எல்லாமே ஒலி விளையாட்டு அல்ல. சீனாவின் சோங் வம்சப் பேரரசர் ஹூய்சோங்கின் பெயர் தாங்கிய வண்ணக்கோழி ஓவியத்தில், பறவையின் ஐந்து நற்குணங்களை அதிலுள்ள கவிதையே சொல்லிவிடுகிறது. எனவே ஓவியத்தில் எழுத்து இருந்தால் முதலில் அதைப் படியுங்கள்.

சோங் கால ஓவியர் சுய் பாய் 1061-இல் வரைந்த ஓவியம் தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேக்பை பறவை மகிழ்ச்சியின் அடையாளம் என்பதால், இரண்டு மேக்பைகள் கொண்ட இதற்கு ‘இரட்டை மகிழ்ச்சி’ என்று பெயர். உற்றுப் பாருங்கள்: காற்றில் மூங்கில் வளைகிறது, பறவைகள் கீழே நிற்கும் முயலைப் பார்த்துக் கத்துகின்றன. மகிழ்ச்சி எங்கே? இந்த முரணை எழுதுகிற விடை தனித்து நிற்கும். எனக்கு மிகப் பிடித்த ஓவியமும் இதுதான்.

யாருக்காக, எதற்காக வரையப்பட்டது என்பதையும் ஒரு வரி சேருங்கள். மறுதேர்வில் எனக்கு ஹூய்சோங்கின் நாரைகள் வந்தன. 1112-இல் அரண்மனை வாயிலுக்கு மேல் 20 நாரைகள் தோன்றியதை நற்சகுனமாகப் பதிவு செய்த ஓவியம் அது. சிலேடையைத் தேடாமல், ஆட்சிக்கு வானத்தின் ஆசி உண்டு என்று காட்ட விரும்பிய அரசரைப் பற்றி எழுதினேன். 15 ஆண்டுகளில் தலைநகர் கைஃபெங் வடக்கிலிருந்து படையெடுத்து வந்த ஜுர்ச்சென் இனத்தாரிடம் வீழ்ந்து, அவர் சிறைபிடிக்கப்பட்டதையும் சேர்த்தேன். இந்த முறை நல்ல மதிப்பெண் கிடைத்தது.