உரித்து வைத்த விதைகள்

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்களுக்குப் பறவை என்றால் முதலில் கோழிதான். ஊரைச் சுற்றி முட்டைக்கோழிப் பண்ணைகள். ஒரு கோழி இன்னொன்றின் முதுகு இறகைக் கொத்திப் பிடுங்குவதைப் பாடமாகப் படிப்பதற்கு முன்பே பண்ணையில் பார்த்திருப்போம். மண்ணைக் கிளறித் தீனி தேடிப் பழகிய இனம் அது, கிளற ஒன்றுமில்லாத இடத்தில் அலகு பக்கத்துக் கோழியிடம் போகிறது என்று விளக்குவார்கள். சேலத்தில் கிளினிக் வைத்து, நாய் பூனைகளுக்கு நடுவே கிளிகளையும் பார்க்கத் தொடங்கியபோது அந்தப் பாடம்தான் கைகொடுத்தது. வீட்டில் ஒற்றையாக வளரும் கிளிக்குக் கொத்தப் பக்கத்தில் யாரும் இல்லை. தன் இறகைத்தான் பிடுங்கிக்கொள்ளும்.

கிளியைக் கொண்டு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பூச்சி இருக்குமா டாக்டர்?" வீட்டுக்குள்ளேயே தனியாக வளரும் கிளிக்குப் பூச்சி பிடிப்பது அரிது. ஆனால் என்னிடம் வருவதற்குள் வேப்பெண்ணெயும் மஞ்சளும் பூசி முடித்திருப்பார்கள். தயவுசெய்து பூசாதீர்கள். எண்ணெய் பட்ட இறகு ஒட்டிக்கொண்டு உடல் சூட்டைக் காக்காமல் போய்விடும். இறகைக் கோதும்போது அந்த எண்ணெய் கிளியின் வயிற்றுக்கும் போகும்.

நான் முதலில் பார்ப்பது தலையை. கிளியின் அலகு அதன் தலைக்கு எட்டாது. தலை இறகு பளபளவென்று முழுசாக இருந்து, நெஞ்சும் இறக்கையின் அடிப்புறமும் மட்டும் மொட்டையாக இருந்தால் அது தானே பிடுங்கியது. தலையிலும் கொட்டியிருந்தால் கூண்டில் இருக்கும் ஜோடிக் கிளியைச் சந்தேகிக்க வேண்டும், இல்லையென்றால் நோயை. சின்ன வயதுக் கிளியாக இருந்து புது இறகு கோணலாகவோ சூம்பியோ முளைத்தால், அலகையும் இறகையும் தாக்கும் சர்க்கோ வைரஸுக்குச் சோதனை செய்துவிடுவேன். பழைய இறகு இயல்பாக உதிர்ந்து புதிது முளைப்பதை முதல் முறை பார்த்துப் பயந்து வருகிறவர்களும் உண்டு. அதில் இரண்டு பக்கமும் சமமாக உதிரும், தோல் மொட்டையாகத் தெரியாது, ஊசி ஊசியாகப் புது இறகு கிளம்பியிருக்கும். அவர்களைத் தைரியம் சொல்லி அனுப்பிவிடலாம்.

எச்சத்தை நுண்ணோக்கியில் பார்ப்பது, ஈரலைக் கவனிப்பது எல்லாம் உண்டு. உடம்பில் கோளாறு இல்லை என்று தெரியாமல் மனசைப் பற்றிப் பேசக் கூடாது. கடைக்காரர் இறக்கையைத் தாறுமாறாக வெட்டிவிட்டிருந்தால், வெட்டுப்பட்ட தண்டு விலாவில் குத்திக்கொண்டே இருக்கும். அந்த உறுத்தலில் பிடுங்கத் தொடங்குகிற கிளிகளும் உண்டு.

செவ்வாய்ப்பேட்டையில் வீட்டோடு கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு குடும்பத்திலிருந்து சன் கனூர் கிளி ஒன்று வந்தது. ஒரு வயதுகூட ஆகவில்லை. மஞ்சளும் ஆரஞ்சும் ஏறத் தொடங்கியிருக்க வேண்டிய நெஞ்சில் சாம்பல் நிறப் பஞ்சு மட்டும் மிச்சம். தலை மட்டும் கண்காட்சிக்கு வைத்த மாதிரி அழகு. பட்டறை என்றதும் எனக்கு வேறு கவலை வந்தது. வெள்ளி பற்றவைக்கும் பொடியில் பெரும்பாலும் துத்தநாகம் இருக்கும், அது கிளிக்கு விஷம். கண்டதையும் கடித்துப் பார்க்கிற வயது அதற்கு. எக்ஸ்ரே எடுத்தோம், வயிற்றில் உலோகத்துண்டு எதுவும் இல்லை. மற்றச் சோதனைகளும் சரியாகவே வந்தன. பற்றவைக்கும் புகை பறவையின் நுரையீரலுக்கு ஆகவே ஆகாது என்பதால் கூண்டைப் பட்டறைப் பக்கத்திலிருந்து மாற்றச் சொன்னேன். அப்புறம்தான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்: காலையில் கண் விழித்ததிலிருந்து இது என்ன செய்கிறது?

வீட்டில் யாரும் உடனே பதில் சொல்லவில்லை. கிளியைக் கையால் ஊட்டி வளர்த்த மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள். பகலில் கிளிக்குத் துணை பாட்டிதான். பாட்டிக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம். சூரியகாந்தி விதையை ஒவ்வொன்றாக உரித்து, கிண்ணத்தில் நிரப்பி, வாய்க்கு நேராக வைத்துவிடுவார். "பாவமுங்க, சின்ன உசுரு. அதுக்கு எதுக்குச் சிரமம்?" என்றார். ஆர்டர் அதிகமான நாட்களில் பட்டறை விளக்கு நள்ளிரவு தாண்டியும் எரியும், கூண்டு அந்த வெளிச்சத்திலேயே இருக்கும்.

எனக்குக் கிடைத்த பதில் அந்தக் கிண்ணம்தான். இந்த இனத்தின் பூர்வீகம் கயானாவும் பிரேசிலின் வடக்குப் பகுதியும். கூட்டமாகப் பறந்து, பழத்தையும் விதையையும் தேடி, கடித்து, உடைத்து, துப்பி, பகலின் பெரும்பகுதியை அதிலேயே கழிக்கிற பறவை. இங்கே வயிறு ஐந்து நிமிடத்தில் நிரம்பிவிடுகிறது. மிச்சப் பகல் முழுக்க அலகுக்கு வேலை இல்லை. கைக்கெட்டுவது நெஞ்சு இறகு. ஒன்றைப் பிடுங்கினால் பாட்டி "அடேய்!" என்று ஓடி வருவார். கிளிக்கு அது திட்டு இல்லை, துணை. சரி, இன்னொன்றையும் பிடுங்குவோம்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இளம் அமேசான் கிளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2003-இல் வெளியானது. உணவை உழைத்து எடுக்கவும், ஏறிக் கடித்து விளையாடவும் வசதி செய்த கூண்டுகளில் இருந்தவற்றின் இறகு நன்றாக இருந்தது. வெறும் கூண்டில் இருந்தவற்றின் இறகு கெட்டது. பிறகு அவற்றுக்கும் அதே வசதிகளைக் கொடுத்தபோது தேறியது. இளம் வயதில் மாற்றினால் பலன் உண்டு என்பதுதான் அதில் எனக்கு முக்கியம். வருஷக்கணக்கில் பிடுங்கிய கிளிக்கு இறகு முளைக்கும் குழியே கெட்டுவிடலாம்.

பாட்டிக்கு என் யோசனை பிடிக்கவில்லை. உரிக்காத விதை, அதுவும் கொஞ்சமாக. அதைக் காகிதத்தில் முறுக்கி, கூண்டில் அங்கங்கே செருக வேண்டும். மக்காச்சோளக் கதிரைத் தோலோடு தொங்கவிட வேண்டும். முருங்கைக்கீரையைக் கொத்தாகக் கட்டிவிடலாம். சூரியகாந்தி விதையில் கொழுப்பு அதிகம், வைட்டமின் ஏ மிகக் குறைவு. அதன் குறையைக் கீரையும் கேரட்டும் பரங்கிக்காயும் தீர்க்கும். கடித்துக் கிழிக்கப் பனையோலை, தேங்காய் மட்டை, மருந்து அடிக்காத கொய்யாக் கிளை. கோடையில் சேலத்துக் காற்று தோலை வறளவைக்கும், காலையில் தண்ணீரைப் பூத்தூவலாகத் தெளிக்கலாம். சாயங்காலம் ஏழு மணிக்குமேல் இருட்டான அறையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம். பிடுங்கும்போது யாரும் கத்தக் கூடாது, சும்மா விளையாடும்போது போய்ப் பேச வேண்டும்.

"வீடெல்லாம் குப்பையாகுமே" என்றார் பாட்டி. ஆகும்.

அலகு இறகுக்கு எட்டாதபடி கழுத்தில் பட்டை போட்டு அனுப்புங்கள் என்று பாட்டியின் மகன் கேட்டார். ரத்தக்காயம் இருந்தால் போடுவேன். மற்றபடி அது பிடுங்குவதைத் தடுக்குமே தவிர, பிடுங்கும் ஆசையைத் தடுக்காது. மனநோய் மருந்துகளும் இருக்கின்றன, எல்லாம் செய்து பார்த்த பிறகுதான் அவற்றைத் தொடுவேன்.

வேரோடு பிடுங்கிய இறகு சில வாரங்களில் திரும்ப முளைக்கும். பாதியில் கடித்து விட்டது அடுத்த உதிர்வு வரைக்கும் அப்படியேதான் இருக்கும். இந்தக் கிளி இரண்டையும் செய்திருந்தது, அதனால் நெஞ்சு திட்டுத்திட்டாகத்தான் நிறைந்தது. இடது இறக்கைக்கு அடியில் ஓர் இடம் இன்னும் மொட்டை. மகள் விடுமுறை முடிந்து கிளம்பினால் இரண்டு நாள் மறுபடி அங்கே போய்க் கடிக்கிறது. பாட்டி இப்போது விதையை உரிப்பதில்லை, ஒளித்துவைக்கிறார். "எங்க வச்சாலும் கண்டுபிடிச்சிருதுங்க" என்று என்னிடமே புகார்.

பச்சைக்கிளியோடு வருகிறவர்களிடம் வேறு பேச்சும் பேச வேண்டியிருக்கிறது. அது நம் நாட்டுக் காட்டுப்பறவை, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வளர்க்கக் கூடாது. சட்டம் தெரியாமல் கடையில் வாங்கியதாகச் சொல்வார்கள். வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்லுவேன். சிலர் அதற்கப்புறம் என் கிளினிக் பக்கமே வருவதில்லை.

இன்னொன்று, ஏற்காடு போய் வருகிறவர்களுக்கு. அங்கிருந்து மிளகு, காப்பித்தூளோடு பட்டர் ஃப்ரூட்டும் வாங்கி வருவீர்கள். கிளிக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள், அது விஷம். மாம்பழம் தாராளமாகத் தரலாம், நம்ம ஊர் மல்கோவாவைக் கிளி மறுத்து நான் பார்த்ததில்லை.

இறகு பிடுங்கும் கிளியை என்னிடம் கொண்டு வருவதாக இருந்தால் அட்டைப்பெட்டியில் வேண்டாம், கூண்டோடு வாருங்கள். வரும் அவசரத்தில் கழுவித் துடைக்காதீர்கள். அடியில் விரித்த தாள், எச்சம், உதிர்ந்த இறகு, தின்ற மிச்சம் எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும். பாதி விவரம் அதிலேயே கிடைத்துவிடும்.