எலிவேட்டரில் விழுந்த பள்ளம்

கராஜில் நானே கட்டும் ஆர்வி-7 விமானத்தின் வேலை இந்த வாரம் முன்னால் போகவில்லை, கொஞ்சம் பின்னால்தான் போயிருக்கிறது. வாலில் ஏறி இறங்கி விமானத்தின் மூக்கைத் தூக்கி இறக்கும் பலகைதான் எலிவேட்டர். இடது எலிவேட்டருக்கு, தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளை அடித்து முடித்தாயிற்று, முன்விளிம்பை உருட்டுவது மட்டும்தான் பாக்கி. மேசைமேல் கிடத்திவிட்டுத் திரும்பும்போது முழங்கை அலமாரியில் இடித்தது. மேல்தட்டில் இருந்த பக்கிங் பார், அதாவது ரிவெட் அடிக்கும்போது பின்பக்கம் முட்டுக் கொடுக்கும் கட்டி, நேராக எலிவேட்டர்மேல் விழுந்தது. பார்க்கத் தீப்பெட்டி மாதிரிதான் இருக்கும், ஆனால் டங்ஸ்டன். ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் அடர்த்தி. தகடோ 0.016 அங்குலம், அதாவது 0.4 மில்லிமீட்டர். ஸ்பார் என்ற உள்சட்டத்திலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, அமெரிக்கக் குவார்ட்டர் நாணயம் அகலத்துக்கு ஒரு பள்ளம்.

அன்றைக்கே கராஜைப் பூட்டிவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம். போகவில்லை. ஸ்பார் ஓரத்து ரிவெட்டில் கொஞ்சம் எடுத்தால் தகட்டைத் தூக்கி உள்ளிருந்து தள்ளிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மொத்தம் 14 ரிவெட்.

ஏடி என்ற அலுமினியக் கலவை வகை ரிவெட்டின் தலை நடுவே ஊசிமுனை அளவுக்குக் குழி இருக்கும். 40-ஆம் எண் டிரில் பிட்டை அந்தக் குழியில் வைத்து, தலையின் ஆழத்துக்கு மட்டும் துளைக்க வேண்டும். அப்புறம் பஞ்ச் என்ற இரும்புக் கம்பியைச் செருகி லேசாகச் சாய்த்தால் தலை 'டிக்' என்று கழன்றுவிடும். பின்பக்கம் முட்டுக் கொடுத்துத் தண்டைத் தட்டி எடுக்கலாம். பதின்மூன்று இப்படியே வந்தன. கடைசி ரிவெட்டில் அவசரம். பிட் வழுக்கிப் பக்கத்துத் தகட்டைக் கடித்தது. வட்டத் துளை இப்போது எட்டு என்ற எண் மாதிரி ஆகிவிட்டது.

சரி, வந்த வேலையையாவது பார்ப்போம் என்று இடைவெளியில் மெல்லிய மரக்கட்டையை விட்டு நெம்பினேன். பள்ளம் பாதி மேலே வந்தது. இன்னும் நெம்பியபோது தகடு அங்கேயே நீண்டுவிட்டது போல. விரலால் அழுத்தினால் பிஸ்கட் டின் மூடி மாதிரி 'டொக்' என்று உள்ளே போய் வெளியே வந்தது. அதற்குப் பிறகுதான் கையை எடுத்தேன்.

சொந்தமாக விமானம் கட்டுபவர்களுக்கான ஈஏஏ சங்கத்தில் தொழில்நுட்ப ஆலோசகர்கள் இருக்கிறார்கள். சம்பளம் வாங்காமல் வந்து பார்த்துச் சொல்வார்கள். எங்கள் ஊர்க்காரர் சனிக்கிழமை வந்தார். பூதக்கண்ணாடியில் பார்த்து, மடிப்பு ஓரத்தில் விரிசல் இல்லை என்றார். இருந்திருந்தால் ஒட்டுத் தகடு, இல்லை புதுத் தகடு. பள்ளத்தை நிரப்பும் பசையான ஃபில்லரைப் பூசட்டுமா என்று கேட்டேன். கார் கதவு என்றால் பூசலாம், இது எலிவேட்டர் என்றார். கீலுக்குப் பின்னால் ஏறும் ஒவ்வொரு கிராமுக்கும் கீலுக்கு முன்னால் நீட்டியிருக்கும் கொம்பில் ஈயம் சேர்த்துச் சமன் செய்ய வேண்டும். சமன் கெட்டால் ஃபிளட்டர் என்ற படபடப்பு வரும், அது வாலையே பிய்த்துவிடும். முதலில் விழுந்த பள்ளத்தை அப்படியே விட்டிருந்தாலும் விமானம் பறந்திருக்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அதுதான் உறைத்தது.

எட்டான துளைக்கு வழி இருந்தது. என்ஏஎஸ்1097 என்று ஒரு ரிவெட். விமானம் கட்டுபவர்கள் ஊப்ஸ் ரிவெட் என்பார்கள். தண்டு 1/8 அங்குலம், தலை மட்டும் பழைய 3/32 அங்குல ரிவெட்டின் தலை அளவுதான். அதனால் தலைக்காகத் தகட்டில் அழுத்தியிருந்த பழைய குழியிலேயே உட்கார்ந்துவிடும். துளை நடுவிலிருந்து தகட்டின் ஓரத்துக்கு, தண்டு விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும், அதாவது 6.4 மில்லிமீட்டர். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 8 இருந்தது. துளையை 30-ஆம் எண் பிட் அளவுக்குப் பெரிதாக்கியதும் கடிபட்ட இடம் வட்டத்துக்குள் போய்விட்டது. பிசிறு எடுத்து, பிரைமர் தொட்டு வைத்து, அடித்தாயிற்று. மற்ற பதின்மூன்றும் பழைய அளவிலேயே.

தகட்டை மறுபடி ஸ்பாரோடு இறுக்கியதும் அந்த 'டொக்' பெரும்பாலும் அடங்கிவிட்டது. பாதிப் பள்ளம் அப்படியே இருக்கிறது, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். பக்கிங் பாருக்குத் தரையில் ஒரு காபி டின் ஒதுக்கியிருக்கிறேன். அடுத்த வாரம் முன்விளிம்பு உருட்டல்.